தீவனத்தை மாற்று, மூட்டை மேல் எழுதிவிட்டு மாற்று!

 

நம் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலம் வைத்திருந்தவன் கதையை யாரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990களில் அனல்மின் நிலையம் வந்தது. 2001ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. சாம்பலும் நிலக்கரித் தூசியும் கூடவே வந்தன. மிச்சம் இருக்கிற அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் நெல் போட்டது போக, வரப்போரம் ஒரு கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்க்கிறோம். பிள்ளைகள் படிப்பும், வட்டிக்காரன் தவணையும் அந்தக் கொட்டகையை நம்பித்தான் ஓடுகிறது.

அந்தக் கொட்டகைக்கு வரும் தீவன மூட்டையைப் பற்றித்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். தீவனத்தின் நிறம் மாறுகிறது, வாசனை மாறுகிறது. ஒரு லோடு மஞ்சளாக வருகிறது, அடுத்த லோடு பழுப்பாக வருகிறது. கேட்டால், "மக்காச்சோளம் விலை ஏறிப்போச்சு, ஃபார்முலா மாத்தியிருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதை எடுத்தார்கள், எதைப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள்? மூட்டையிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. ஆனால் கோழி எடை குறைந்தால் மட்டும் கணக்குச் சீட்டில் நம் பெயருக்கு நேராகப் பிடித்தம் விழுகிறது.

மக்காச்சோளத்துக்கு மாற்றுத் தீவனம் கூடாது என்று நம் சங்கம் சொல்லவில்லை. மாற்றலாம். எதை மாற்றினார்கள் என்று வளர்க்கிறவனுக்குச் சொல்லவேண்டும். மாற்றியதால் வரும் லாபத்தில் பங்கு தராவிட்டாலும், நஷ்டத்தையாவது நம் தலையில் கட்டக்கூடாது. நாம் கேட்பது இவ்வளவுதான். இது ஏன் நியாயம் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

மக்காச்சோளம் ஏன் கைக்கு எட்டாமல் போனது?

கறிக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். நூறு கிலோவில் 55 முதல் 65 கிலோ வரை அதுதான் இருக்கும். மீதி சோயா புண்ணாக்கு, கொஞ்சம் எண்ணெய், தாது உப்பு, வைட்டமின். கோழி வளர்க்கும் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனச் செலவு. ஆகவே மக்காச்சோளம் விலை அசைந்தால் தொழிலே அசையும்.

2018ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர் பக்கம் மக்காச்சோளக் காடுகளை மொட்டையடித்தது. அதற்குப் பிறகு வந்தது எத்தனால். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கவேண்டும் என்று மத்திய அரசு திட்டம் போட்டது. 2023ல் கரும்பும் அரிசியும் போதவில்லை என்றதும் மக்காச்சோளத்தின் மேல் கை வைத்தார்கள். மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று 2024 தொடக்கத்தில் கொள்முதல் விலை வைத்தார்கள். சாராய ஆலைகள் போட்டி போட்டு வாங்கின. வெளிநாட்டுக்கு மக்காச்சோளம் ஏற்றுமதி செய்து கொண்டிருந்த நம் நாடு, 2024ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. கோழியின் வாயில் இருந்ததை எடுத்து வண்டியின் டேங்கில் ஊற்றினார்கள்.

கோழிக் கம்பெனிகள் மாற்றுத் தேட ஆரம்பித்தது இப்படித்தான். அதில் தவறு இல்லை. எதைத் தேடினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மக்காச்சோள விவசாயி நமக்கு எதிரியா?

இந்த இடத்தில் ஒரு சூழ்ச்சிக்கு நாம் பலியாகக்கூடாது. "மக்காச்சோளம் விளைவிக்கிறவனுக்கு விலை கிடைத்தால் கோழி வளர்ப்பவன் கெட்டான்" என்று நம்மையும் பெரம்பலூர்க்காரனையும் மோதவிடப் பார்ப்பார்கள்.

நடந்தது என்ன? 2025-26 பருவத்துக்கு மக்காச்சோளத்தின் ஆதார விலை குவிண்டால் 2,400 ரூபாய். 2025 கடைசியில் கர்நாடகத்தில் விளைச்சல் குவிந்தபோது சந்தை விலை அதற்கு வெகு கீழே போனது. கதக், ஹாவேரி மாவட்ட விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். விலை ஏறியபோது நம் கொட்டகைக்கு வந்த தீவனம் தரம் இறங்கியது. விலை சரிந்தபோது நம் வளர்ப்புக் கூலி ஏறியதா? மூட்டையில் மக்காச்சோளம் கூடியதா? யாராவது வந்து சொன்னார்களா?

சோயா கதையும் இதேதான். எத்தனால் ஆலைச் சக்கை சந்தையில் குவிந்ததும் சோயா புண்ணாக்கின் விலை இறங்கியது. மத்தியப் பிரதேசத்து சோயா விவசாயி 2024ல் ஆதார விலைகூடக் கிடைக்காமல் அடிபட்டான். அந்த மலிவின் பலன் கோழி வளர்க்கும் நம் கைக்கு வரவில்லை. கறி வாங்கித் தின்கிறவனுக்கும் போகவில்லை. நடுவில் நின்றது. ஆகவே விளைவிக்கிறவனும் வளர்க்கிறவனும் ஒரே பக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நல்ல மாற்று எது? மலிவு மாற்று எது?

மக்காச்சோளத்துக்கு மதிப்பு அதன் சக்தியால். கிலோவுக்கு ஏறக்குறைய 3,300 கிலோ கலோரி சக்தி, 8 முதல் 9 சதவீதம் புரதம். மஞ்சள் நிறச் சத்தும் அதில் உண்டு. அதற்குப் பதிலாகப் போடுவதை நாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோளம்: நம் பாட்டன் காலத்துத் தானியம். சக்தியில் மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, புரதம் சற்றுக் கூடுதல். வெள்ளைச் சோளம் நல்லது. சிவப்புச் சோளத்தில் சில ரகங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அது புரதம் செரிப்பதைத் தடுக்கும். துவர்ப்புக் குறைந்த சோளத்தால் மக்காச்சோளத்தில் பாதியைத் தாராளமாக ஈடுகட்டலாம்.

கம்பு: புரதம் 11, 12 சதவீதம் வரை உண்டு. சக்தி மக்காச்சோளத்தைவிடக் குறைவு. கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் சரியாகும். மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு பிடிக்கிற அளவுக்குக் கம்பில் பிடிப்பதில்லை என்பது கூடுதல் பலன்.

நொய்: நெல் ஊர்க்காரர்களான நமக்குச் சொல்லவே வேண்டாம். நன்றாகச் செரிக்கும், கோழி விரும்பித் தின்னும். மஞ்சள் சத்து இல்லாததால் தோல் வெளுப்பாக இருக்கும். கறிக்கு ஒரு குறையும் இல்லை.

மரவள்ளி: சேலம், நாமக்கல் பக்கம் விளைவது. மாவுச்சத்து நிறைய, புரதம் 2, 3 சதவீதம்தான். காய்ந்த சில்லு நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை போகலாம். அதற்கேற்பப் புண்ணாக்கைக் கூட்டவேண்டும். சரியாகக் காயாத கிழங்கில் நஞ்சு உண்டு. ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் திப்பி என்பது வேறு, நார்தான் அதிகம். கிழங்கையும் திப்பியையும் ஒன்றென்று நினைத்து ஏமாறக்கூடாது.

தவிடு: எண்ணெய் உள்ள தவிடு சத்துள்ளது. ஆனால் சில நாளில் சிக்குவாடை அடித்துக் கெட்டுவிடும். எண்ணெய் எடுத்த தவிட்டில் சக்தி மக்காச்சோளத்தில் ஏறக்குறைய பாதிதான். நார் அதிகம். மாட்டுக்கு நல்லது; ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறவேண்டிய கறிக்கோழிக்கு அதிகம் போட்டால் எடை நின்றுபோகும்.

எத்தனால் சக்கை: டி.டி.ஜி.எஸ். என்று ஆங்கில எழுத்தில் சொல்வது இதைத்தான். தானியத்தில் மாவுச்சத்தை எடுத்துச் சாராயமாக்கியபின் மிஞ்சுவதைக் காயவைத்தது. அரிசிச் சக்கையில் புரதம் நிறைய இருக்கும். அதனால் சோயா புண்ணாக்கில் கொஞ்சத்துக்கு ஈடாகும். அளவோடு போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாவு போய்விடுவதால் மற்றதெல்லாம் சுண்டுகிறது. நல்ல சத்து சுண்டுவதுபோலவே, தானியத்தில் இருந்த பூஞ்சை நஞ்சும் ஏறக்குறைய மூன்று மடங்காகச் சுண்டிவிடும். கெட்டுப்போன தானியத்தை ஆலைக்கு அனுப்பினால் சாராயத்தில் நஞ்சு வராது, சக்கையில் தங்கும். அந்தச் சக்கை எங்கே வருகிறது? நம் கொட்டகைக்கு.

இப்போது விலையைப் பாருங்கள். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை: மக்காச்சோளம் 2,400, கம்பு 2,775, வீரியச் சோளம் 3,699. அதாவது நல்ல மாற்றுகள் மக்காச்சோளத்தைவிட விலை கூடியவை. ஆகவே "மாற்றுத் தீவனம்" என்று சொல்லிக் கம்பெனி நமக்குக் கம்பும் சோளமும் அனுப்பும் என்று கனவு காணவேண்டாம். செலவைக் குறைக்க மாற்றுகிறவன் விலை கூடியதை வாங்கமாட்டான். தவிடு, சக்கை, திப்பி இவைதான் மூட்டைக்குள் வரும். அளவு மீறாமல் வருகிறதா என்று பார்க்க நமக்கு வழியில்லை என்பதே இன்றைய நிலைமை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கோழி வயிறு நிறைந்தால் நிறுத்துகிற பிராணி அல்ல. உடம்புக்கு வேண்டிய சக்தி கிடைக்கும்வரை தின்னப் பார்க்கும். தீவனத்தில் சக்தி குறைந்தால் அதை ஈடுகட்ட அதிகம் தின்னும்; அப்படியும் எடை பின்தங்கும். இந்திய தர நிர்ணய அமைப்பு கறிக்கோழிக்குத் தொடக்கத் தீவனத்தில் 3,100, கடைசிக் கட்டத் தீவனத்தில் 3,200 கிலோ கலோரி என்று அளவு வைத்திருப்பது இதனால்தான்.

எஃப்.சி.ஆர். என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதுகிறாரே, அது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கு. ஓர் உதாரணம் போடுவோம். கொட்டகையில் 3,000 கோழி, தலைக்கு 2 கிலோ, மொத்தம் 6,000 கிலோ. எஃப்.சி.ஆர். 1.60 என்றால் தீவனம் 9,600 கிலோ. தீவனத்தில் சக்தியை நூற்றுக்கு ஐந்து குறைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதே எடைக்குக் கோழி ஐந்து சதவீதம் கூடுதலாகத் தின்னவேண்டும். எஃப்.சி.ஆர். 1.68 ஆகிவிடும். தீவனம் 10,080 கிலோ. 480 கிலோ அதிகம். ஐம்பது கிலோ மூட்டையில் பத்துக்கு நெருக்கம்.

இந்தப் பத்து மூட்டைக்கு யார் பொறுப்பு? சக்தியைக் குறைத்தவன் கம்பெனி. ஆனால் கணக்குச் சீட்டு என்ன சொல்கிறது? "எஃப்.சி.ஆர். அதிகம், பராமரிப்பு சரியில்லை." அதோடு விடுவதில்லை. "தீவனத்தை வெளியே வித்துட்டியா?" என்று கேட்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர்க் குழாய் கழுவுகிற நம் வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு வளர்ப்புக் கூலி என்று வைத்துக்கொண்டால் 6,000 கிலோவுக்கு 39,000 ரூபாய். எஃப்.சி.ஆர். கூடியதற்காகக் கிலோவுக்கு 50 காசு பிடித்தால் 3,000 ரூபாய் போச்சு. மின்சாரம், உமி, குஞ்சுக்குச் சூடு காட்டும் செலவு, கொட்டகைக் கடன் எல்லாம் மிச்சத்தில்.

கம்பெனிக்கு நஷ்டமா என்றும் பார்த்துவிடுவோம். பழைய தீவனம் கிலோ 36 ரூபாய் என்று வைத்தால் 9,600 கிலோவுக்கு 3,45,600 ரூபாய். மலிவுப் பொருள் கலந்து 33 ரூபாய் 50 காசாக இறக்கினால் 10,080 கிலோவுக்கு 3,37,680 ரூபாய். அதாவது பத்து மூட்டை அதிகம் செலவான பிறகும் அவர்களுக்கு 7,920 ரூபாய் மிச்சம்! அதற்குமேல் நம்மிடம் பிடித்த 3,000. இவை உதாரண எண்கள்தான். உங்கள் சீட்டில் இருக்கும் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

எடை மட்டுமல்ல. நார் கூடிய தீவனமும், செரிக்காத மாவுப்பசை கூடிய தீவனமும் போனால் எச்சம் தண்ணீராகப் போகும். உமிப் படுகை நசநசவென்று ஊறும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கோழிக்குக் கால் புண், மூச்சு நோய், ரத்தக் கழிச்சல் எல்லாம் ஈரப் படுகையைத் தேடி வரும். சாவு கூடும். அதுவும் "பராமரிப்பு சரியில்லை" என்ற கணக்கில்தான் எழுதப்படும்.

சொந்தமாகத் தீவனம் கலக்கிறவர்களுக்கு

கம்பெனிக் குஞ்சு வாங்காமல் ஐந்நூறு, ஆயிரம் கோழி சொந்தமாக வளர்த்து விற்கிறவர்களும் நம்மில் உண்டு. இவர்களுக்கு மாற்றுத் தீவனம் உண்மையிலேயே கைகொடுக்கும். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் நொய்யும் தவிடும் கிடைக்கிறது. காசிமேட்டிலிருந்து கருவாடு வருகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கலக்கக்கூடாது.

நொய்யால் மக்காச்சோளத்தில் பாதிவரை மாற்றலாம். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றவேண்டும். குஞ்சுப் பருவத்தில் பரீட்சை வேண்டாம். முதல் பத்து நாள் நல்ல தீவனமே போடுங்கள். தவிடு வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அரைத்த உமி கலந்திருந்தால் மிதப்பதில் தெரியும். சிக்குவாடை அடித்தால் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கருவாட்டில் இரண்டு ஆபத்து. ஒன்று உப்பும் மணலும். உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டால் குஞ்சு தண்ணீராகக் கழிந்து சாகும். உப்பில்லாமல் காயவைத்ததே வாங்கவேண்டும். இரண்டாவது, மீன் எங்கே பிடித்தது என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். மீனவத் தோழர்கள் வலையும் படகும் இழந்தார்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பல வருஷமாகச் சாம்பலும் ஆலைக் கழிவும் சேர்கிறது. அங்கே ஒதுங்கும் கழிவு மீனை மலிவென்று அள்ளிக் கோழிக்குப் போட்டால், அது கறியாகி நம் பிள்ளைகள் தட்டுக்குத்தான் வரும்.

பூஞ்சை நஞ்சைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நாள்பட அடுக்கிவைத்த தானியத்தில் ஈரம் தங்கினால் வந்துவிடும். தீவனத்தில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது தர அளவு. கடல் காற்று அடிக்கும் நம் ஊரில் மூட்டையைத் தரையில் அடுக்காமல் மரக்கட்டை மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்டாதீர்கள். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் விலங்கின ஊட்டச்சத்து நிலையம் இருக்கிறது. எதை எவ்வளவு கலப்பது என்று அங்கே எழுதி வாங்குங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் இடங்கள் அவை. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கு வாசலில் நிற்கிறது

2021 ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. 2024ல் 15 சதவீதச் சலுகை வரியில் ஏறக்குறைய 5 லட்சம் டன் மக்காச்சோளத்துக்கு வழிவிட்டது. 2026 பிப்ரவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் வெளியிட்ட கூட்டறிக்கையில், வரி குறைக்கப்படும் பண்டங்களின் பட்டியலில் எத்தனால் சக்கையும் தீவனத்துக்கான சிவப்புச் சோளமும் இடம்பெற்றன. நாம் மேலே சொன்ன அதே இரண்டு சரக்கு!

அமெரிக்காவில் மக்காச்சோளத்தை எத்தனாலாக்கி மிஞ்சும் சக்கை மலைபோல் கிடக்கிறது. அதை நம் தலையில் இறக்கினால் இங்கே கம்பும் சோளமும் மக்காச்சோளமும் சோயாவும் விளைவிக்கிற விவசாயிக்கு விலை போகும். கோழி வளர்ப்பவனுக்காவது லாபமா? மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று இப்போதே தெரியாத நமக்கு, அது எந்தத் தேசத்துச் சரக்கு என்பதா தெரியப்போகிறது?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2024-25 எத்தனால் ஆண்டில் இந்திய உணவுக் கழகத்தின் 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு ஒதுக்கினார்கள். 2025 ஜனவரியில் அறிவித்த விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. வாங்கிச் சேமிக்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலை! 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது கோழித் தீவனத்துக்காகவும்தான் என்று காரணம் சொன்னார்கள். 2025 மார்ச்சில் அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள். சாராய ஆலைக்குக் கொடுக்கும் விலையில் சிறு பண்ணைக்காரனுக்கு ஒரு மூட்டை கொடுத்ததுண்டா? அரிசி முதலில் ரேஷன் கடைக்குப் போகட்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மிஞ்சியது, மனிதர் உண்ணத் தகாமல் உடைந்தது எல்லாம் அடுத்துக் கோழிக்கும் மாட்டுக்கும் வரட்டும். பெட்ரோல் டேங்க் அதற்குப் பிறகு நிற்கட்டும்.

இன்றிலிருந்து நாம் செய்யவேண்டியது

தோழர்களே, கோரிக்கை வைப்பதற்கு முன் நம் கையில் ஆதாரம் இருக்கவேண்டும். ஒவ்வொரு கொட்டகையிலும் இவற்றைச் செய்யுங்கள்.

தீவன லாரி வந்ததும் பத்து மூட்டையாவது எடை போடுங்கள். ஒவ்வொரு லோடிலும் நாலைந்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்து ஒரு கிலோவைக் காற்றுப் புகாத கவரில் கட்டி, தேதி, லாரி எண், மூட்டையில் உள்ள எண் எழுதி, பக்கத்துக் கொட்டகைக்காரர் கையெழுத்தோடு நிழலில் வையுங்கள். கோழி பிடிக்கும்வரை தூக்கி எறியாதீர்கள். வாரம் ஒருமுறை ஐம்பது கோழியை நிறுத்து சராசரியை நோட்டில் எழுதுங்கள். தீவனம் மாறிய நாளையும், எச்சம் மாறிய நாளையும் குறித்து வையுங்கள். எஃப்.சி.ஆர். திடீரென்று கூடினால் ஒருவராக நிற்காதீர்கள். ஒரே லோடு வாங்கிய ஐந்து பேர் சேர்ந்து சங்கத்துக்கு வாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உண்டு. மாதிரியைச் சங்கம் அனுப்பும். செலவைப் பங்கிட்டுக் கொள்வோம். ஐந்து கொட்டகையில் ஒரே வாரத்தில் ஒரே குறை வந்தால் அது பராமரிப்புக் குறை அல்ல, தீவனக் குறை என்று குழந்தைக்கும் புரியும்.

வெற்றுக் கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் நகல் இல்லாமல் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்காதீர்கள்.

நம் கோரிக்கைகள்

1. கறிக்கோழித் தீவன மூட்டை ஒவ்வொன்றிலும் புரதம், சக்தி, நார், ஈரம், தயாரித்த தேதி, சேர்த்த பொருள்கள் எல்லாம் தமிழில் அச்சிடப்படவேண்டும். எத்தனால் சக்கையும் எண்ணெய் நீக்கிய தவிடும் சேர்த்தால் எத்தனை சதவீதம் என்று எழுதவேண்டும்.

2. ஃபார்முலா மாற்றினால் வளர்ப்பவருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லவேண்டும். அந்தத் தீவனத்துக்கு ஏற்ப எஃப்.சி.ஆர். அளவைத் திருத்தவேண்டும். தீவனக் குறையால் வந்த நஷ்டத்தை வளர்ப்புக் கூலியில் பிடிக்கக்கூடாது.

3. 2019ல் தமிழ்நாடு அரசு வேளாண் விளைபொருளோடு கால்நடையையும் சேர்த்து ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இயற்றியது. நம் கொட்டகை ஒப்பந்தங்கள் அனைத்தும் அதன்கீழ்ப் பதிவாகவேண்டும். தகராறு வந்தால் கம்பெனி அலுவலகத்தில் அல்ல, அரசு அதிகாரி முன்னால் தீரவேண்டும்.

4. மாதவரத்திலேயே சிறு பண்ணையாளர் தீவன மாதிரிகளை இலவசமாகச் சோதித்து ஒரு வாரத்தில் முடிவு தர ஏற்பாடு வேண்டும்.

5. எத்தனால் ஆலைக்குக் கொடுக்கும் அதே விலையில் உணவுக் கழகத்தின் நொய்யும், உண்ணத் தகாத தானியமும் சிறு கோழிப் பண்ணையாளர் கூட்டுறவுகளுக்கு வழங்கவேண்டும். பொன்னேரி வட்டத்தில் ஒரு கூட்டுறவுத் தீவனக் கலவை நிலையம் அமைக்கவேண்டும்.

6. மக்காச்சோளம், சோளம், கம்பு விளைவிக்கும் விவசாயிக்கு ஆதார விலை உறுதியாகக் கிடைக்கவேண்டும். வெளிநாட்டு எத்தனால் சக்கைக்கும் தீவனத் தானியத்துக்கும் வரிச் சலுகை தரக்கூடாது.

தாய்மார்களே, தோழர்களே! குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது, விலையும் அவர்கள் வைப்பது. கொட்டகையும் கரண்ட் பில்லும் தூக்கம் கெட்ட ராத்திரியும் மட்டும் நம்முடையது. இப்படி ஒரு கூட்டு வியாபாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. "கேட்டா அடுத்த பேட்ச் குஞ்சு தரமாட்டான்" என்ற பயம் நமக்குள் இருப்பது உண்மைதான். ஒரு கொட்டகை கேட்டால் தரமாட்டான். ஒரு வட்டம் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டால் குஞ்சை எங்கே கொண்டுபோய் இறக்குவான்? பொரித்த குஞ்சு கொட்டகைக்காகக் காத்திருக்காது. நம் பலம் அதில் இருக்கிறது.

அடுத்த லோடு இறங்கும்போது லாரிக்காரரிடம் சண்டை வேண்டாம். அவரும் நம்மைப்போல் கூலிக்கு ஓட்டுகிறவர். சூப்பர்வைசர் வரட்டும். மூட்டையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுக்குள்ளே என்ன இருக்குது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரமறுத்தால் அதையும் தேதியோடு எழுதிவைத்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

மூட்டை மேல் எழுது! எழுதியதைக் கொடு!
உழைப்புக்கு ஏற்ற வளர்ப்புக் கூலி கொடு!
விளைவிப்பவனும் வளர்ப்பவனும் ஒன்றுபடுவோம்!
போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

— செயலாளர்
அத்திப்பட்டு